லோங்ஷான் கோயிலில் குறி கேட்போர் செய்யும் தவறுகள்

தைவானின் தலைநகரான தைபெயில் உள்ள லோங்ஷான் கோயில் 1738இல் நிறுவப்பட்டது. கருணையின் போதிசத்துவரான குவான்யின் மூலத்தெய்வமாக வீற்றிருக்க, பின்மண்டபத்தில் கடல் தெய்வமான மாசுவும் போர்வீரர் தெய்வமான குவான் யூவும் வேறு பல தெய்வங்களும் இடம்பெற்றிருப்பதால், பௌத்தமும் தாவோயிசமும் ஊர்வழிபாடும் அங்கே பிரித்தறிய முடியாதபடி கலந்து கிடக்கின்றன. அங்கே குறி கேட்க வரும் புதியவர்கள் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்து வருகிறேன். வாசற்படியை மிதிக்கக் கூடாது என்பது போன்றவற்றை எவரும் சொல்லித் தந்துவிடுவர். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

விரும்பிய விடை விழும்வரை வீசுதல்

ஜியாவ்பெய் என்பவை, தெய்வத்திடம் விடை கேட்டுத் தரையில் வீசும், பிறை வடிவில் செதுக்கிய இரண்டு மரத்துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. சீன மரபு கூறும் இரு எதிரெதிர் ஆற்றல்களில் தட்டை யாங், புடைப்பு யின் என்று கொள்ளப்படுவதால், ஒன்று தட்டையும் மற்றது புடைப்பும் மேலே தெரிய விழுந்தால் இரண்டும் இணங்கின, தெய்வம் சம்மதித்தது என்று பொருள். இரண்டும் புடைப்பாக விழுந்தால் மறுப்பு. இரண்டும் தட்டையாக விழுந்தால் தெய்வம் சிரிக்கிறது, கேள்வி தெளிவாக இல்லை என்பார்கள்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், வேலையை விட்டுவிட்டுத் தேநீர்க்கடை தொடங்கலாமா என்று கேட்டு வீசினார். மறுப்பு விழுந்தது, அடுத்து சிரிப்பு, மறுபடியும் மறுப்பு. நான்காம் முறை சம்மதம் விழுந்ததும், அன்று மாலையே கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். கடை ஓராண்டுகூடத் தாங்கவில்லை, முன்பணமும் திரும்பவில்லை. ‘தெய்வம் சொல்லித்தானே செய்தேன்’ என்று அவர் இன்றும் கூறுவதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

துண்டுகள் இரு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால், ஒரு வீச்சில் சம்மதம் விழும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. நான்கு வீச்சுகளில் ஒருமுறையேனும் அது விழும் வாய்ப்போ 16இல் 15. தைவானின் பல கோயில்களில், விடைக்காக எடுத்த, எண்ணிட்ட குறிக்குச்சி சரியானதுதானா என்று உறுதிசெய்ய மூன்று முறை தொடர்ச்சியாகச் சம்மதம் கேட்கிறார்கள். அதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்றே. அந்தக் கண்டிப்பைத்தான் அவர் தலைகீழாக்கினார். போதாக்குறைக்கு, அவர் கேட்டது ஒரு கேள்வியன்று, இரண்டு: வேலையை விடுவது ஒன்று, கடை தொடங்குவது வேறொன்று. பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றைச் சொல்லி, ஆம் அல்லது இல்லை என்று விடை வரக்கூடிய ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். மறுப்பு வந்தால், கேள்வியை மாற்றாமல் அன்றைக்கு மீண்டும் வீசக் கூடாது.

சீட்டின் தரத்தை மட்டும் படித்தல்

குச்சியின் எண்ணுக்குரிய சீட்டில் நன்று, நடுத்தரம், தீது என்ற தரத்தோடு ஒரு பாடலும் இருக்கும். பாடலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பழங்கதை உண்டு. ஒரே பாடல் திருமணத்துக்கு ஒரு விதமாகவும் வழக்குக்கு வேறு விதமாகவும் பொருள் தரும். தரத்தைப் பார்த்ததும் சீட்டை மடித்துப் பைக்குள் போடுபவர்களே அதிகம். பொருள் சொல்பவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

ஊதுவத்தி வாங்கிச் செல்லுதல்

வேண்டாம். லோங்ஷானில் ஊதுவத்தி ஏற்றுவதை 2020இலேயே நிறுத்திவிட்டார்கள். தைபெயின் மற்றொரு கோயிலான சிங்தியனில் 2014இலேயே.

பிறந்த ஆண்டின் விலங்கைத் தவறாகச் சொல்லுதல்

ஆண்டுக்குரிய தெய்வமான தாய்சுய்க்கு நடக்கும் வழிபாட்டுக்குப் பெயர் கொடுக்கும்போது நேர்வது. சீன நாட்காட்டியில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு விலங்கு உண்டு. 1990இன் குதிரை ஆண்டு ஜனவரி 27இல்தான் பிறந்தது. அதே மாதம் 20ஆம் தேதி பிறந்தவர் பாம்பு.