வயலில் வேட்டுப் போடுகிறவர்கள் இடைவெளியில் செய்யும் தவறுகள்

களக்காடு, கடையம் பக்கம் பிசான (பின்பருவ) நெற்பயிர் பால் பிடித்துவிட்டால் சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, தூக்கம் கிடையாது. ராத்திரி பன்றி, விடிந்தால் மயில். வேட்டு, தகர டப்பா, ஒலிபெருக்கியில் நாய்க் குரைப்பு என எல்லாம் நாலைந்து நாள் ஓடும். அப்புறம் மயில் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கதிரை உருவும். "சத்தத்துக்குப் பழகிட்டு, வே" என்பார்கள். சரிதான். எப்படிப் பழகியது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

காது மந்தமாகிவிட்டது என்று இன்னும் பெரிய வெடி வாங்குகிறவர்கள் உண்டு. வேறொரு சத்தம் கேட்டால் அதே மயில் துள்ளிப் பறக்கிறதே! காதுக்கு ஒன்றுமில்லை; இந்தச் சத்தத்தால் ஆபத்தில்லை என்று மூளை ஒதுக்கிவிட்டது.

பெரிய தவறு இடைவெளியில். அடுத்தடுத்துப் போட்டால்தான் பழகும், விட்டுவிட்டுப் போட்டால் பழகாது என்று நம்புகிறோம். பார்க்கிறபோது அப்படித்தான் தெரியும். 1970-இல் உளவியல் ஆய்வாளர் மைக்கேல் டேவிஸ் வெளியிட்ட ஆய்வில் எலிகளுக்குத் திடுக்கிட வைக்கும் ஒலி 1,000 தடவை கொடுக்கப்பட்டது. ஒரு கூட்டத்துக்கு 2 நொடிக்கு ஒருமுறை, மற்றதுக்கு 16 நொடிக்கு ஒருமுறை. ஒலி நடந்துகொண்டிருந்தபோது 2 நொடி எலிகளே குறைவாகத் திடுக்கிட்டன. பிறகு இரண்டையும் ஒரே மாதிரிச் சோதித்தபோது கதை தலைகீழ்: 24 மணி நேரம் கழித்தும் 16 நொடி எலிகள்தான் நன்றாகப் பழகியிருந்தன. நரம்பியல் ஆய்வாளர் எரிக் காண்டெல் குழு 1972-இல் அப்ளீசியா என்ற கடல் நத்தையிலும் இதையே கண்டது. ஒரே நாளில் 40 தொடுகை கொடுத்ததைவிட, நாளுக்கு 10 வீதம் 4 நாள் கொடுத்ததே ஊன்றி நின்றது.

அப்படியானால் டைமர் வைத்து, மாதம் முழுக்க மணிக்கொரு வேட்டு? பன்றிக்கு நாமே டியூஷன் எடுக்கிறோம்.

சில நாள் நிறுத்தினால் பயம் ஓரளவு திரும்பும், உண்மை. அதை நம்பி உட்காரவும் முடியாது. ஓய்வு விட்டு விட்டுத் தொடர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முன்னைவிடச் சீக்கிரம் பழகிவிடும். எலிக்குச் சொன்ன நொடிக் கணக்கை வயலுக்கு மணிக் கணக்காக மாற்றவும் சூத்திரம் எதுவும் இல்லை.

உருப்படியான வழி, சத்தத்தை வீணாக்காமல் இருப்பது. பயிர் பால் பிடிக்கும் முன்பே தொடங்க வேண்டாம். பன்றியோ மயிலோ வயலில் இறங்கியபின் போடுங்கள், கையோடு டார்ச் அடித்து ஆள் விரட்டட்டும். நேரத்தையும் இடத்தையும் சத்தத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். (கூந்தன்குளத்துக்காரர்களுக்கு இது பொருந்தாது, பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடாத ஊர் அது.)