நகம் இல்லாமல் நைலான் கிட்டார்: விரல் நுனியால் மீட்டத் தொடங்குவது எப்படி?

கிளாசிக்கல் கிட்டார் என்றாலே வலது கையில் நகம் வளர்த்தாக வேண்டும் என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். நகம் அடிக்கடி உடைகிறவர்கள், வேலை காரணமாக வளர்க்க முடியாதவர்கள் அதைக் கேட்டே பின்வாங்குகிறார்கள். பின்வாங்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய கிட்டார் கலைஞர் ஃபெர்னாண்டோ சோர் விரல் சதையால்தான் வாசித்தார். அவருடைய நண்பர் டியோனிசியோ அகுவாதோ நகத்தால் வாசித்தார். இருவரும் சேர்ந்தும் வாசித்தார்கள்! அவர்களுக்குப் பின் வந்த ஸ்பானிய கிட்டார் கலைஞர் டாரெகாவும் தன் கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டு விரல் நுனிக்கு மாறினார்.

முதலில் நகத்தைக் கவனியுங்கள். ஒட்ட வெட்டி, ஓரங்களை அரத்தால் தேய்த்துவிடுங்கள். அப்புறம் விரலைச் செங்குத்தாக மேசையில் ஊன்றிப் பாருங்கள். 'டக்' என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். பாதி நகம், பாதி சதை என்று பட்டால், ஒவ்வொரு சுரத்துக்கு முன்பும் ஒரு சின்ன உரசல் கேட்கும்.

சரி, இப்போது முக்கியமான இடம். சுட்டுவிரலை முதல் தந்தியின் (கீழே இருக்கும் மிக மெல்லிய தந்தி) மேல் வையுங்கள். உடனே மீட்டாதீர்கள். தந்தியை மேல்பலகையை நோக்கி உள்ளே அழுத்துங்கள். தந்தி கொஞ்சம் தாழ்வதும் சதையில் பதிவதும் விரலுக்கே தெரியும். அங்கிருந்து விரலைச் சட்டென்று நழுவவிட்டு, இரண்டாவது தந்தியில் போய்ச் சாய விடுங்கள். இதை ரெஸ்ட் ஸ்ட்ரோக் என்பார்கள். விரல் நுனிக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்பது என் எண்ணம்.

மீட்டியதும் விரலைத் திருப்பிப் பாருங்கள். தந்தி பதிந்த கோடு தெரியும். அது நுனியை ஒட்டி இருந்தால் சரி. சதையின் நடுவில் இருந்தால் விரல் ஆழமாகப் போய்விட்டது. தந்தி சிக்கி, ஒலி மந்தமாகும். சத்தம் போதவில்லை என்று வெளிப்பக்கமாகப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் தந்தி ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கம்பி) அடித்து 'பட்' என்று கேட்கும். விடுவதற்கு முன் எவ்வளவு உள்ளே தள்ளினீர்கள் என்பதில்தான் சத்தம் இருக்கிறது.

இது கைவந்ததும் சுட்டுவிரல், நடுவிரல் என்று மாற்றி மாற்றி வாசியுங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு சுரம். ஐந்து நிமிடம் போதும். கட்டைவிரலுக்கு அதன் பக்கவாட்டுச் சதை. அடுத்த தந்தியில் சாயாமல் மீட்டும் ஃப்ரீ ஸ்ட்ரோக்கை அதற்குப் பிறகு தொடங்கலாம்.

சதை மென்மையானது, அகலமானது. அதனால் கூர்மையான மேல் ஒலிகள் அடங்கி, நாதம் உருண்டையாக வரும். ரொம்ப மங்கலாகத் தோன்றினால் கையை ஒலித்துளையிலிருந்து, தந்திகள் கட்டப்பட்டிருக்கும் பிரிட்ஜ் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள், தெளிவு கூடும். மூன்றாவது தந்தி மட்டும் மந்தமாக இருந்தால், அதை மட்டும் கார்பன் தந்தியாக மாற்றிப் பாருங்கள். டென்ஷன் குறைந்த தந்திகள் தொடக்கத்தில் விரலுக்கு இதமாக இருக்கும்.

குளித்த உடனே வாசிக்காதீர்கள், ஊறிய தோல் தந்தியில் ஒட்டும். கொப்புளம் வரும்போல் எரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஒரே தந்தியை விரல்கள் மாறி மாறி விடாமல் மீட்டும் வேகமான ட்ரெமோலோ நகத்துக்குத்தான் சுலபமாக வரும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மெதுவான ஒரு மெட்டை முதல் தந்தியில் ரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் வாசித்துப் பாருங்கள். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பாடுவதுபோல் இருக்கும்.