கல்லூரி குவார்ட்டர்பேக் என்எஃப்எல்லில் தேறுவானா? ஆட்டத்தைப் பார்த்துக் கணிப்பது எப்படி

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன்தான் குவார்ட்டர்பேக், அங்கே தொழில்முறை லீக் என்எஃப்எல். சனிக்கிழமை கல்லூரி ஆட்டத்தில் ஒரு பையன் 400 யார்டு எறிந்து ஐந்து டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) போட்டுவிட்டால் போதும், அன்று ராத்திரியே "டிராஃப்டில் முதல் ஆள் இவன்தான்" என்று பேச்சு கிளம்பிவிடும். டிராஃப்ட் என்பது என்எஃப்எல் அணிகள் கல்லூரிப் பையன்களை வரிசை முறையில் தேர்ந்தெடுப்பது. அந்த யார்டு கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். ஹவாய் பல்கலைக்கழகத்தின் டிம்மி சாங் 2004-இல் ஆட்டத்தை முடித்தபோது கல்லூரி வரலாற்றிலேயே அதிக தூரம் எறிந்தவர் அவர்தான், 17,072 யார்டு. அடுத்த ஏப்ரலில் டிராஃப்டின் ஏழு சுற்றுகளும் முடிந்தன, ஒரு அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. அதே ஹவாயில் கோல்ட் பிரென்னன் 2006 சீசனில் மட்டும் 58 டச்டவுன் பாஸ் எறிந்தார். 2008-இல் ஆறாவது சுற்றில் எடுத்தார்கள், ஆனால் ஒரு லீக் ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை. டெக்ஸஸ் டெக்கின் பி.ஜே. சைமன்ஸ் 2003-இல் ஒரே வருஷத்தில் 5,833 யார்டு எறிந்துவிட்டு ஏழாவது சுற்று வரை காத்திருந்தார்.

சரி, ஓயாமல் எறிகிற அணியிலிருந்து வருகிறவன் என்றால் தள்ளிவிடலாமா? அதுவும் கூடாது. இன்று லீக்கின் பெரிய நட்சத்திரமான பேட்ரிக் மஹோம்ஸ் அதே டெக்ஸஸ் டெக்கில், ஓயாமல் எறிகிற அதே ஏர் ரெய்ட் பாணியில் ஆடி வந்தவர்தான். 2017-இல் கேன்சஸ் சிட்டி அவருக்காக டிராஃப்ட் வரிசையில் 27-ஆம் இடத்திலிருந்து 10-ஆம் இடத்துக்கு விலை கொடுத்து ஏறியது. கூட்டுத்தொகை ஆளைத் தூக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்பதுதான் நான் சொல்வது. ஒவ்வொரு எறிதலாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், அதிலும் என்எஃப்எல்லில் அவனிடம் கேட்கப்போகிற எறிதல்கள் எவை என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

கல்லூரி ஆட்டம் வெளியே பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் சில இடங்களில் வேறு ஆட்டம். ஓடுவதா எறிவதா என்று ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) ஆன பிறகு முடிவு செய்கிற ஆர்பிஓ வகை ப்ளேக்களில், குவார்ட்டர்பேக்கைக் காக்கிற லைன்மேன்கள் கல்லூரியில் 3 யார்டு வரை முன்னே போகலாம், என்எஃப்எல்லில் 1 யார்டுதான். அந்த 2 யார்டு வித்தியாசத்தில்தான் எதிரணியின் நடுவில் நிற்கிற லைன்பேக்கர் ஓட்டம் என்று ஏமாறுகிறான், குவார்ட்டர்பேக்குக்கு நடு மைதானம் திறந்து கிடக்கிறது. அப்புறம், பெரிய அணி ஒன்று சின்ன அணியைக் கூப்பிட்டு 50 புள்ளி வித்தியாசத்தில் அடிக்கிற ஆட்டங்கள் எல்லா சீசனிலும் உண்டு. எதிரே, பந்து பிடிக்க ஓடுகிற ரிசீவர்களை மறிக்கிற கார்னர்பேக்குகளில் பெரும்பாலானோர் கல்லூரியோடு ஆட்டத்தை விடப்போகிறவர்கள். அங்கே ரிசீவர் மூன்று அடி முன்னால் தனியாக ஓடுவான். என்எஃப்எல்லில் அரை எட்டு முந்திவிட்டாலே அவன் ஃப்ரீயாக இருக்கிறான் என்று அர்த்தம், பந்து அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

ஆகவே ஒரு ஆட்டத்தைப் பார்க்க உட்காரும்போது முதல் வேலை கழித்தல். ஸ்னாப் ஆனதும் பக்கவாட்டில் தட்டிவிடுகிற ஸ்க்ரீன் பாஸ்களைக் கழியுங்கள், மேலே சொன்ன ஆர்பிஓக்களைக் கழியுங்கள், நாலாவது கால்பகுதியில் முப்பது புள்ளி முன்னிலையில் எறிந்ததையும் கழியுங்கள். சில பேருக்கு இதற்குப் பிறகு மிச்சம் பத்து பன்னிரண்டு எறிதல்தான் இருக்கும். அந்தப் பன்னிரண்டுதான் நமக்கு வேண்டியவை, அதிலும் தேர்ட் டவுனில் (10 யார்டு எடுக்கக் கிடைக்கிற நாலு முயற்சியில் மூன்றாவது) ஏழு யார்டுக்கு மேல் தேவைப்படுகிறபோது எறிந்தவை. அப்போது அவன் எறியத்தான் போகிறான் என்று எதிரணிக்கும் தெரியும், ஏமாற்று ஓட்டம் எதுவும் உதவாது. என்எஃப்எல் வாழ்க்கையே பாதி அந்த நிலைமைதான்.

அந்த எறிதல்களில் பந்தைப் பார்க்காதீர்கள், ஹெல்மெட்டைப் பாருங்கள். முதலில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, அங்கே ஆள் மறிக்கப்பட்டதும் அடுத்த பக்கம் திரும்பியதா, அல்லது அதே ஆளையே முறைத்துக்கொண்டு நின்றதா? முதல் ஆள் கிடைக்காவிட்டால் உடனே பந்தைக் கக்கத்தில் செருகிக்கொண்டு ஓடுகிற பையன் கல்லூரியில் 15 யார்டு எடுத்துவிடுவான், கூட்டம் ஆர்ப்பரிக்கும், என்எஃப்எல்லில் அதே ஓட்டத்துக்கு 2 யார்டும் ஒரு இடியும்தான். ரெண்டாவது, மூணாவது ஆளிடம் கண் போய், அதோடு சேர்ந்து காலும் திரும்பி, அப்புறம் எறிகிறானா என்பதைக் கவனியுங்கள். கண் மட்டும் திரும்பி கால் பழைய திசையிலேயே நின்றால் பந்து தாழ்ந்தோ பின்தங்கியோ போகும்.

டிவி கேமரா பக்கவாட்டில் இருப்பதால் ஸ்னாப் ஆன ரெண்டு நொடியில் ரிசீவர்கள் திரையை விட்டே போய்விடுவார்கள். அதனால் குவார்ட்டர்பேக்கின் முதுகுக்குப் பின்னாலிருந்து காட்டுகிற ரீப்ளேக்களை விடாதீர்கள். 22 பேரும் தெரிகிற கோணத்தில் வெட்டிய துண்டுகள் யூடியூபில் கிடைத்தால் அதைவிட நல்லது. அதில் பார்க்க வேண்டிய முக்கியமான ஒன்று, பந்து கையை விட்டுக் கிளம்பும்போது ரிசீவர் திரும்பிவிட்டானா இல்லையா. திரும்புவதற்கு முன்பே, அவன் வரப்போகிற இடத்துக்குப் பந்து கிளம்பிவிட்டால் அந்தப் பையன் டிஃபென்ஸைப் படிக்கிறான் என்று அர்த்தம். ஆள் தனியாக நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எறிவேன் என்கிறவனுக்கு எவ்வளவு பெரிய கை இருந்தாலும் என்எஃப்எல்லில் அரை நொடி தாமதம்தான். நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்க்கலாம் என்றால் இதைத்தான் பார்ப்பேன்.

பந்து எங்கே போய் விழுகிறது என்பதையும் பாருங்கள். ஓடுகிற ரிசீவர் வேகம் குறையாமல் பிடித்து இன்னும் 20 யார்டு ஓடினாலும், பின்னால் வந்த பந்துக்காக முறுக்கித் திரும்பிப் பிடித்து அங்கேயே விழுந்தாலும் கணக்குப் புத்தகத்தில் ரெண்டும் ஒரு கம்ப்ளீஷன்தான், அதாவது பிடிபட்ட பாஸ். சதவீதத்தில் தெரியாத வித்தியாசம் இது.

அடுத்தது சாக், அதாவது எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கை எதிராளி வீழ்த்துவது. கல்லூரிக் கணக்கில் சாக்கில் இழந்த யார்டை குவார்ட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள், என்எஃப்எல்லில் அணியின் பாஸ் கணக்கில் கழிப்பார்கள். அதனால் கல்லூரிப் பையனின் பாஸ் புள்ளிவிவரம் அவன் எத்தனை முறை பந்தோடு விழுந்தான் என்பதை மறைத்துவிடும், தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். சாக் எல்லாம் லைன்மேன் தப்பு என்று சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. எதிராளி நெருங்கி வந்த தடவைகளில் எத்தனை சாக்காக முடிந்தன என்கிற விகிதம் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கின் சொந்தப் பழக்கம், அது அவனோடு அடுத்த ஊருக்கும் கூடவே போகிறது. கேலப் வில்லியம்ஸ் யுஎஸ்சி கல்லூரியில் ஆடும்போதே பந்தை நெடுநேரம் வைத்திருக்கிறார் என்ற பேச்சு இருந்தது. 2024-இல் சிகாகோவில் முதல் வருஷமே 68 சாக். அங்கே லைனும் சரியில்லைதான், ஆனாலும் அந்த எண்ணில் அவர் பங்கும் உண்டு. நெருக்கடியில் முன்னால் ஒரு அடி வைத்து லைன்மேன்கள் காக்கிற பாக்கெட்டுக்குள்ளேயே இடம் தேடுகிறவனா, பின்னால் பின்னால் ஓடி 12 யார்டு இழக்கிறவனா என்று பாருங்கள்.

துல்லியம் பற்றிப் பேசினாலே யாராவது ஜாஷ் ஆலனைக் கொண்டுவருவார்கள். வயோமிங்கில் அவருடைய கம்ப்ளீஷன் 56.2 சதவீதம், பஃபலோ 2018-இல் ஏழாவது ஆளாக எடுத்தது, இன்று லீக்கின் சிறந்த குவார்ட்டர்பேக்குகளில் அவர் ஒருவர். ஆனால் அவர் விதிவிலக்கு. அந்த விதிவிலக்கைக் காட்டியே அதற்கப்புறம் பல பேரை மேலே தூக்கினார்கள். ஆந்தனி ரிச்சர்ட்சன் ஃப்ளோரிடாவில் 2022-இல் 53.8 சதவீதம், உடல்வாகும் வேகமும் கையும் அபாரம். 2023-இல் இண்டியானாபொலிஸ் நாலாவது ஆளாக எடுத்தது, 2024 சீசனில் 47.7 சதவீதம். ஆலனுக்கு முன்னால் ஜேக் லாக்கரும் அப்படித்தான் 2011-இல் எட்டாவதாகப் போனார், நாலு சீசனில் ஓய்வு. கல்லூரியில் 60-ஐத் தொடாத பையனை நம்பலாம், ஆனால் முதல் பத்துக்குள் நம்பாதீர்கள்.

எத்தனை ஆட்டம் தொடக்கத்திலிருந்து ஆடினான் என்பது சலிப்பான கேள்வி மாதிரி தெரியும், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. ரிச்சர்ட்சன் 13. 2017-இல் மஹோம்ஸுக்கும் முன்னால் ரெண்டாவது ஆளாக சிகாகோ எடுத்த மிட்ச் ட்ருபிஸ்கியும் 13. மறுபக்கம் 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262-ஆவது, ப்ராக் பர்டி. ஐயோவா ஸ்டேட்டில் நாலு வருஷம் ஆடியவர். ரெண்டாவது சீசனிலேயே லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை போனார். 2024-இல் போ நிக்ஸ் 61 ஆட்டங்களோடும் ஜேடன் டேனியல்ஸ் 55 ஆட்டங்களோடும் வந்தார்கள், ரெண்டு பேருமே முதல் வருஷத்தில் அணியை பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார்கள். 13 ஆட்டத்தில் ஒரு பையனை எதிரணிகள் படித்து முடித்திருக்கவே மாட்டார்கள், படித்த பிறகு அவன் என்ன செய்வான் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் வயதையும் கூடவே வைத்துப் பாருங்கள். 24 வயது ஆள் 19 வயதுப் பையன்களை ஏமாற்றுவது பெரிய விஷயமில்லை. 2012-இல் க்ளீவ்லண்ட் முதல் சுற்றில் எடுத்த ப்ராண்டன் வீடனுக்கு அப்போதே 28 வயது.

கடைசி வருஷத்தில் மட்டும் திடீரென்று பறக்கிற ஆள் என்றால் ஏன் பறந்தான் என்று தோண்டுங்கள். ஜோ பர்ரோ எல்எஸ்யூ கல்லூரியில் 2018-இல் 57.8 சதவீதம், 2019-இல் 76.3 சதவீதம், 60 டச்டவுன். நியூ ஆர்லியன்ஸ் அணியிலிருந்து ஜோ பிரேடி வந்து பாஸ் ஆட்டத்தையே மாற்றினார், ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் பிடித்தார்கள். வெறும் இதைக் கேட்டால் சந்தேகப்படத்தான் தோன்றும். ஆனால் அந்த எறிதல்களைப் பார்த்தால், ஆள் மேலே விழும்போதும் கண் கீழே இறங்காமல், ரிசீவர் திரும்புமுன் பந்து கிளம்பியிருக்கும். சூழ்நிலை உதவியது உண்மை, எறிந்தது அவர்தான்.

உயரம், கை அளவு பற்றி ஃபெப்ரவரி, மார்ச்சில் நடக்கிற பேச்சில் முக்கால்வாசியை விட்டுவிடலாம். ட்ரூ பிரீஸ் ஆறடி, ரஸல் வில்சன் அதைவிடக் குள்ளம், 75-ஆவது ஆளாகப் போனவர், ரெண்டு பேருமே சூப்பர் பௌல் ஜெயித்தார்கள். பர்ரோவுக்கு உள்ளங்கை 9 அங்குலம்தான் என்று ஒரு வாரம் பேசினார்கள். கையின் பலத்துக்கு ஒரு தேர்வு போதும். ஒவ்வொரு ப்ளேயும் தொடங்கும்போது பந்தை வைக்கிற எல்லையைக் காட்டுகிற ஹாஷ் கோடுகள் கல்லூரி மைதானத்தில் ஒன்றுக்கொன்று 40 அடி தள்ளி இருக்கும், என்எஃப்எல்லில் பதினெட்டரை அடிதான். அதனால் கல்லூரியில் ஒரு ஹாஷிலிருந்து எதிர்ப்பக்க எல்லைக்கோடு 100 அடி. அங்கே நின்று எதிர் ஓரத்தில் 15 யார்டு தள்ளி வெளியே வெட்டுகிற ரிசீவருக்குப் பந்து வளையாமல் போய்ச் சேர்ந்தால் கை போதுமானது, அதற்கு மேல் இருப்பது போனஸ். ஜமார்கஸ் ரஸலுக்கு அந்த போனஸ் நிறையவே இருந்தது. 2007-இல் முதல் ஆளாகப் போய் 2009-க்குப் பிறகு லீக்கில் இல்லை.

ப்ரோ டே என்பது சொந்த மைதானத்தில், சொந்த ரிசீவர்களோடு, எதிரே ஆளே இல்லாமல் ஒத்திகை பார்த்து எறிவது. வலைப்பயிற்சியில் அடிக்கிற அடியை வைத்து டெஸ்ட் அணிக்கு ஆள் எடுக்க முடியாது. இண்டியானாபொலிஸில் நடக்கிற கம்பைன் என்கிற உடல்திறன் சோதனையிலும் எதிரே டிஃபென்ஸ் கிடையாது. அதைவிட அலபாமாவின் மொபைல் நகரத்தில் டிராஃப்டுக்கு வருகிற கல்லூரி ஆட்டக்காரர்களுக்காக நடக்கிற சீனியர் பௌல் வாரத்தைப் பாருங்கள், அதிலும் ஆட்டத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய பயிற்சி நாட்களை. புது கோச், புது ரிசீவர், புது ப்ளே, எதிரே நிஜமான டிஃபென்ஸ். முதல் நாள் தடுமாறிய பையன் கடைசி நாளுக்குள் சரியாகிறானா என்பதில் நிறைய தெரியும்.

ஓடுகிற பையன்களுக்கு ஒரு நியாயம் செய்யுங்கள். லமார் ஜாக்சன் 2016-இல் கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர், இருந்தும் 2018-இல் 32-ஆவது ஆள்வரை கீழே வந்தார், ரிசீவராக மாறட்டும் என்றுகூடச் சொன்னார்கள். லூயிவில்லில் அவர் பாக்கெட்டுக்குள் நின்று மூன்று பேரைப் பார்த்து எறிந்ததைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த வருஷமே, 2019-இல், 36 டச்டவுன் பாஸோடு லீக்கில் முதலிடம், சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதும். ஓட்டத்தைக் கூடுதலாக எண்ணுங்கள், ஆனால் எறிதலை மற்றவர்களுக்கு வைத்த அதே அளவுகோலால் அளந்த பிறகு.

குணம் பற்றி, டிவி பேட்டியில் எப்படிச் சிரிக்கிறான் என்பதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். எதிராளி பந்தைப் பிடித்துக்கொள்கிற இன்டர்செப்ஷன் கொடுத்த பிறகு அடுத்த தடவை களத்துக்கு வரும்போது என்ன எறிகிறான் என்பதை மட்டும் பாருங்கள், அது எல்லோருக்கும் தெரிகிற விஷயம்.

இவ்வளவும் பார்த்துக் கணித்தாலும், டிராஃப்ட் ராத்திரி அவனை யார் எடுக்கிறார்கள் என்று தெரியும்வரை உங்கள் கணிப்பில் பாதி காலியாகத்தான் இருக்கும். டேவிட் கார் 2002-இல் புது அணியான ஹூஸ்டனுக்கு முதல் ஆளாகப் போய் அந்த ஒரே வருஷத்தில் 76 சாக் வாங்கினார். ஆரன் ராஜர்ஸ் 24-ஆவது ஆளாகப் போய் மூன்று வருஷம் மூத்த குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவருக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். சாம் டார்னால்ட் நியூயார்க் ஜெட்ஸில் மூன்றே வருஷத்தில் கைவிடப்பட்டவர், 2024-இல் மினசோட்டாவில் நல்ல கோச்சும் நல்ல ரிசீவர்களும் கிடைத்ததும் 14 ஆட்டம் ஜெயித்தார். ஆகவே எடுத்த அணியின் லைன் எப்படி, கோச் இன்னும் ரெண்டு வருஷம் இருப்பாரா, முதல் வாரமே இறக்கிவிடுவார்களா என்று பாருங்கள். அப்புறம் மூன்றாவது சீசன் முடியும்வரை தீர்ப்பு எழுதாதீர்கள். முதல் சுற்றுப் பையன்களுக்கு ஐந்தாவது வருஷ ஒப்பந்தம் தருவதா என்று அணிகளே அப்போதுதான் முடிவெடுக்கின்றன. ஆலன் முதல் வருஷம் 52.8 சதவீதம், ரெண்டாவது 58.8, மூன்றாவது வருஷம் 69.2.