சிங்கிள் ரைடர் வரிசை: நாலு சீட்டில் மிச்சமாகும் அந்த ஒரு சீட்டு

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டு சோபா படுக்கையாகிவிடும். ஊரிலிருந்து யாராவது சிங்கப்பூர் வருவார்கள். வந்தால் செந்தோசா தீவு, செந்தோசா என்றால் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்கா. கூட்டிக்கொண்டு போவது என் தலையில்தான் விழும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடு வாசலில் காத்திருப்பு ‘90 நிமிடம்’ என்று பலகை எரியும்போது, அதை நான்தான் எழுதி வைத்த மாதிரி எல்லோரும் என்னையே பார்ப்பார்கள்.

அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கக் கற்றுக்கொண்டதுதான் சிங்கிள் ரைடர் வரிசை. டிக்கெட் எடுப்பது, ரயில் பிடிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஷேர் ஆட்டோ ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் ஏறியபின் ஓரமாக ஓர் இடம் மிஞ்சும். டிரைவர் வெளியே தலையை நீட்டி “ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்” என்று கத்துவார். குடும்பத்தோடு நிற்பவர்கள் அசைய மாட்டார்கள், தனி ஆள் ஓடிப்போய் ஏறிக்கொள்வார். இங்கும் அதேதான். பொது வரிசையில் வரும் குழுக்களை உட்கார வைத்தபின் மிஞ்சும் ஒற்றை இருக்கையை நிரப்ப, தனி ஆட்களுக்கென்று ஒரு வரிசை. தனிக் கட்டணம் கிடையாது.

படி 1: எந்த ரைடில் இருக்கிறது என்று பாருங்கள்

எல்லாவற்றிலும் இருக்காது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி, பேட்டில்ஸ்டார் கேலக்டிகா, ஜுராசிக் பார்க் ராப்பிட்ஸ் ஆகிய நான்கிலும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். வாசலில் ‘சிங்கிள் ரைடர்’ என்று தனிப் பலகை இருக்கும். சங்கிலி போட்டிருந்தால் அப்போதைக்கு மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். கோபித்துக்கொள்ளாமல் அரைமணி கழித்து வாருங்கள், திறந்திருக்கலாம்.

படி 2: சீட்டை எண்ணுங்கள், ஆளை எண்ணுங்கள்

பூங்காவின் செயலியில் தெரியும் காத்திருப்பு நேரம் பொது வரிசைக்கானது. அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நான் பார்ப்பது இரண்டே கணக்கு: வண்டிக்குள் ஒரு வரிசைக்கு எத்தனை இருக்கை, பொது வரிசையில் எத்தனை பேர் கொண்ட குழுக்கள் நிற்கின்றன.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வண்டியில் வரிசைக்கு 4 பேர், மூன்று வரிசை, மொத்தம் 12. மம்மியிலும் வரிசைக்கு நாலு பேர்தான், ஆனால் நாலு வரிசை. பொது வரிசையில் ஜோடிகளும் நால்வர் குடும்பங்களும் நின்றால் இருக்கைகள் அப்படியே நிரம்பிவிடும், நமக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்பா, அம்மா, ஒற்றைப் பிள்ளை என்று மூன்று மூன்றாக நிற்கிறார்களா? ஒவ்வொரு மூவருக்கும் பக்கத்தில் ஒரு காலி இருக்கை. உடனே உள்ளே போங்கள்.

கேலக்டிகாவில் கணக்கு வேறு. 2015-இல் மறுபடி திறந்தபோது நாலு பேர் அமரும் வரிசைகளை எடுத்துவிட்டு இரண்டு பேர் அமர்வதாக மாற்றிவிட்டார்கள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் குழு வந்தால் மட்டும்தான் ஓர் இடம் மிஞ்சும். இளம் ஜோடிகள் நிறைந்த நாளில் அங்கே சிங்கிள் ரைடர் வரிசை கல்லாகக் கிடக்கும். ராப்பிட்ஸ் மிதவை இதற்கு நேர் எதிர்: வட்டமாக 9 இருக்கை. நால்வர் குடும்பம் இரண்டு ஏறினால் 8, ஒன்பதாவது இடம் உங்களுக்கு.

காலையில் திறந்த முதல் அரைமணி நேரத்தில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். பொது வரிசையே சட்டென்று நகரும்.

படி 3: உயரம் (இங்கேதான் நான் விழுந்தேன்)

இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. அண்ணன், அண்ணி, ப்ளஸ் ஒன் படிக்கும் பெண், ஏழு வயசுப் பையன். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்குக் குறைந்தபட்ச உயரம் 102 செ.மீ. பையன் 117. “தாராளமா போகலாம்” என்று எல்லோரையும் சிங்கிள் ரைடர் வரிசையில் நிறுத்தினேன். இருபத்தைந்து நிமிஷம் நின்று ஏறுமிடத்துக்குப் பக்கத்தில் வந்தபின், ஊழியர் பையனைப் பார்த்தார், அளவுகோல் பக்கம் நிறுத்தினார், தலையை ஆட்டினார்.

நான் பாதி விதியைத்தான் படித்திருக்கிறேன். 102-க்கு மேல், 122-க்குக் கீழ் இருக்கும் பிள்ளை பெரியவர் துணையோடுதான் ஏற வேண்டும். சிங்கிள் ரைடர் என்றால் துணை கிடையாது. யார் எந்த வண்டியில், எந்த மூலையில் உட்காருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அந்த வரிசைக்கு உண்மையான உயர வரம்பு 102 இல்லை, 122.

“அத்தை, நான் தனியாவே உக்காருவேன், அழ மாட்டேன்” என்றான் பையன். அவன் அழவில்லைதான். நின்றிருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த வழியே வெளியேறும்போது அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதனால் கிளம்புவதற்கு முன்னால் வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போட்டு அளந்துவிடுங்கள். மம்மிக்கு எப்படியும் 122 வேண்டும், கேலக்டிகாவுக்கு 125. ராப்பிட்ஸுக்கு 107 என்று பலகை சொல்லும், ஆனால் அங்கேயும் 122-க்குக் கீழே துணை வேண்டும். முடியைத் தூக்கி வாரிவிட்டாலும் அளவுகோல் ஏமாறாது, நாங்கள் முயன்று பார்த்தாயிற்று.

சின்னப் பிள்ளை இருந்தால் வாசல் ஊழியரிடம் ‘சைல்டு ஸ்விட்ச்’ பற்றிக் கேளுங்கள். ஒருவர் பிள்ளையோடு காத்திருக்க, மற்றவர் போய்விட்டு வந்தபின் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. பெற்றோருக்கு அதுதான் சரி.

படி 4: பையை முதலில் ஒழியுங்கள்

மம்மிக்கும் கேலக்டிகாவுக்கும் பை கொண்டு போக முடியாது. லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வரிசைக்கு வர வேண்டும். இலவச நேரம் எவ்வளவு என்று லாக்கர் திரையில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு லாக்கர் எடுக்காதீர்கள். ஒன்றே போதும், ஆனால் அதைத் திறப்பவர் யார் என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள். திறக்க வேண்டிய ஆள் கடைசி வண்டியில் வந்தால் மற்றவர்கள் போன்கூட இல்லாமல் நிற்க வேண்டியதுதான்.

கழுத்தில் தொங்கவிடும் போன் உறை வேண்டவே வேண்டாம். ஜிப் வைத்த கால்சட்டைப் பைக்கு ஈடாக எதுவும் இல்லை.

படி 5: சந்திக்கும் இடத்தைப் பேசி முடியுங்கள்

ஒன்றாக நுழைந்தாலும் ஒன்றாக வெளியே வர மாட்டீர்கள். வெளியேறும் வழி கடைக்குள் கொண்டுபோய் விடும். அங்கே ஆளுக்கொரு பக்கம் பொம்மை பார்க்கப் போனால் மிச்சப்படுத்திய நேரமெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். “கடைக்கு வெளியே, இடதுபக்கக் கம்பம்” என்கிற அளவுக்குத் துல்லியமாகச் சொல்லிவிட்டுப் பிரியுங்கள். ‘வெளியே பார்ப்போம்’ என்பது முகவரி இல்லை.

ஏறுமிடத்தில் ஊழியர் விரலைக் காட்டி வரிசை எண் சொல்வார். அந்த எண்ணில் போய் நில்லுங்கள். “நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து...” என்று ஆரம்பிக்காதீர்கள். கெஞ்சும் நேரத்தில் வண்டி கிளம்பிவிடும்.

இன்னொன்று. டிரான்ஸ்ஃபார்மர்ஸின் கதையைச் சொல்லும் காணொளிகள் பொது வரிசையில் நடந்து போகும்போதுதான் வரும். எவாக் யார், ஆல்ஸ்பார்க்கை ஏன் காப்பாற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. முதல் தடவை வருபவர்களைப் பொது வரிசையில் கூட்டிப்போவேன், இரண்டாவது சுற்றுக்குத்தான் சிங்கிள் ரைடர். மம்மிக்கு அந்தக் கவலை இல்லை. இருட்டில் வண்டி பின்பக்கமாக ஓடும்போது கதை தெரிந்தவரும் கத்துகிறார், தெரியாதவரும் கத்துகிறார்.

கூடுதல் காசு கொடுத்துச் சீக்கிரம் நகரும் தனி வரிசையில் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமா என்று கேட்பார்கள். சாதாரண வார நாளில் எனக்கு அது வீண்செலவு. பள்ளி விடுமுறை, கூடவே 122-ஐத் தொடாத பிள்ளை என்றால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: “பக்கத்தில் முன்பின் தெரியாத ஆள் உட்காருவாரே, என் மகளை எப்படி அனுப்புவது?” என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் பதில்: அவளிடமே கேளுங்கள். என் அண்ணன் மகள் குதித்துக்கொண்டு போனாள், என் தோழியின் பெண் பாதியில் திரும்பிவிட்டாள். இரண்டு பேருக்கும் வயசு பதினாறு.

பின்சேர்க்கை 2: ராப்பிட்ஸைப் பற்றி எச்சரிக்கவில்லை என்று ஒருவர் திட்டியிருந்தார். ஒப்புக்கொள்கிறேன். குடும்பத்தோடு போனால் மழைக்கோட்டு போட்டவர் யார், நனையப்போகிறவர் யார் என்று பேசி உட்காரலாம். சிங்கிள் ரைடருக்குக் கிடைப்பது மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட இடம். அவருக்கு அது நீர்வீழ்ச்சிப் பக்கம் அமைந்திருக்கிறது. மழைக்கோட்டு மனைவியின் பையில், பை லாக்கரில்.