ஓய்வுநாள்: நாம் எங்கே தவறுகிறோம்?

"இந்த வாரம் உருப்படியாக எதுவுமே செய்யவில்லையே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி நிம்மதியாக உட்காருவது?" இந்தக் கேள்வியைப் பல வருடங்கள் எனக்குள் கேட்டிருக்கிறேன். தவறு கேள்வியிலேயே இருக்கிறது. ஓய்வை ஆறு நாள் உழைப்புக்கான கூலியாக அது பார்க்கிறது. வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் கணக்கு வேறு. தேவன் ஆறு நாளில் படைத்து, ஏழாம் நாளில் ஓய்ந்தார். மனிதன் ஆறாம் நாளில் படைக்கப்படுகிறான். தேவனுக்கு ஏழாவதாக வந்த நாள், மனிதன் முழுதாகக் கண்ட முதல் நாள். உழைத்துக் களைத்தவனாக அவன் அந்த நாளுக்குள் நுழையவில்லை. ஆகவே வேலை இழந்து நிற்பவருக்கும் நோயில் படுத்திருப்பவருக்கும் அதில் முழுப் பங்கு உண்டு.

அடுத்தது, ஆயத்தம் இல்லாமல் அந்த நாளுக்குள் விழுவது. எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் மன்னா என்னும் வானத்து உணவு கிடைத்த விதத்தைப் பாருங்கள். மற்ற நாட்களில் மறுநாளுக்கென்று எடுத்து வைத்தது புழுத்துப்போனது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு மடங்கு கிடைத்தது, அது கெடவும் இல்லை. அப்படியும் சிலர் ஏழாம் நாளில் கூடையோடு வெளியே போனார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. யூதர்கள் தங்கள் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி மாலை உணவு மேசையில் இரண்டு அப்பங்களை வைப்பது அந்த இரட்டிப்பு மன்னாவின் நினைவாகத்தான். சூரியன் மறையும் முன்பே சமையலை முடித்து விளக்கேற்றிவிடுகிறார்கள். நாமோ வாரம் முழுக்கத் தள்ளிப்போட்ட எல்லாவற்றையும் ஞாயிறு பிற்பகலுக்கு ஒதுக்குகிறோம். முந்தின நாள் சாயங்காலமே துணி, கணக்கு, பதில் அனுப்ப வேண்டிய கடிதங்களை முடித்துப் பாருங்கள். முடியாததை அப்படியே விட்டுவிடுங்கள். அப்படி விடுவதற்குத்தான் விசுவாசம் அதிகம் தேவைப்படுகிறது.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்லும் கட்டளை வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகிறது, இரண்டிலும் காரணம் ஒன்றல்ல. யாத்திராகமம் 20 படைப்பைக் காரணமாகச் சொல்கிறது. உபாகமம் 5 எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவூட்டுகிறது: நீ அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும். எருது, கழுதை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்று பட்டியல் நீள்கிறது. அப்படியானால் கேட்க வேண்டியது, "நான் ஓய்ந்தேனா?" என்பது மட்டுமல்ல. என் ஓய்வு யாருடைய முதுகில் ஏறி நிற்கிறது?

எங்கள் வீட்டில் அது அம்மாவின் முதுகு. ஆராதனை முடிந்து வந்ததும் நாங்கள் எல்லோரும் சாய்ந்துவிடுவோம், அம்மா அடுப்படிக்குப் போவார். ஒரு ஞாயிறு அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோதுதான், அவருக்கு ஓய்வுநாள் என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது எனக்கு உறைத்தது. அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. இப்போது அந்த நாளில் சமையல் எளிமையாகத்தான் இருக்கும், பாத்திரங்களை நாங்கள் கழுவுகிறோம். தீர்க்கதரிசி ஆமோஸின் புத்தகம் 8-ஆம் அதிகாரத்தில் வியாபாரிகள் ஓய்வுநாள் எப்போது முடியும், தானியத்தை எப்போது விற்கலாம் என்று காத்திருக்கிறார்கள். கள்ளத் தராசும் தயாராக இருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டால் போதும் என்று எண்ணுகிறவர்கள் அதை ஒருமுறை படிக்கலாம்.

"செய்யக்கூடாதவை" பட்டியலோடு நின்றுவிடுவதும் தவறுதான். ஆனால் இதைச் சொல்லும்போது யூதர்களைக் கைகாட்டுவது நியாயமில்லை. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா ஓய்வுநாளில் 39 வகை வேலைகளை விலக்குகிறது, உண்மை. ஓர் உயிரைக் காக்க வேண்டுமென்றால் அவற்றை மீறியே ஆக வேண்டும் என்பதும் அதே மரபுதான். அவர்கள் அந்த நாளை மணமகளை வரவேற்பதுபோல் பாடி வரவேற்கிறார்கள். பதினெட்டு வருடம் கூனியாயிருந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில் நிமிர்த்தியபோது, "எருதையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே" என்றுதான் வாதிட்டார். கட்டவிழ்ப்பது அந்த நாளுக்கு உகந்த வேலை.

சனியா ஞாயிறா என்ற சண்டையில் நாளையே இழக்கிறவர்களும் உண்டு. ஞாயிறு ஆராதனையை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் உண்டாக்கினார் என்பது சரியல்ல. அவர் 321-இல் ஞாயிற்றை நகரத்தாருக்கு விடுமுறை ஆக்கினார், அவ்வளவுதான். இரண்டாம் நூற்றாண்டின் நடுவிலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் ஞாயிறு கூடுகையை விவரித்து எழுதியிருக்கிறார். உயிர்த்தெழுதலை நினைத்து, விடுமுறை இல்லாத ஒரு நாளில் அந்த மக்கள் கூடினார்கள். அப்புறம், நம் அளவுகோலால் இஸ்லாமியரின் வெள்ளிக்கிழமையையும் அளக்க வேண்டாம். தொழுகைக்கு அழைக்கும்போது வியாபாரத்தை விடுங்கள், முடிந்தபின் பரவிச் சென்று இறையருளைத் தேடுங்கள் என்கிறது குர்ஆனின் 62-ஆம் அத்தியாயம். அது கூடுகையின் நாள்.

சபையில் பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, கமிட்டி என்று ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலயத்தில் ஆசாரியர்கள் ஓய்வுநாளிலும் வேலை செய்தார்கள், அதில் குற்றமில்லை என்று இயேசுவே சொன்னார். ஆனால் உங்கள் உடம்பும் மண்தான். வாரத்தில் வேறொரு அரை நாளையாவது உங்களுக்கென்று ஒதுக்கி, அதைக் குடும்பத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசி ஆமேனோடு நாள் முடிந்தது என்று எழுந்து ஓட வேண்டாம். யூதர்கள் சனி இரவு விளக்கேற்றி, வாசனைப் பொருட்களை முகர்ந்து, அந்த நாளுக்கு விடை கொடுக்கிறார்கள். நாமும் ஞாயிறு இரவு மறுநாளுக்கான பையை எடுத்து வைக்கும் முன், வீட்டார் எல்லோரும் பத்து நிமிடம் ஒன்றாக உட்காரலாம். ஒரு சங்கீதம் வாசித்து, யாருக்கு இன்னும் களைப்பு தீரவில்லை என்று கேட்கலாம்.