பழைய கார் நிறுத்தகத்தைச் சொகுசு வீடுகளாக்க

கட்டமைப்புப் பொறியாளரான நான் முதலில் பார்ப்பது தளத்தின் சரிவை. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1930 வாக்கில் எழுந்த கென்ட் தானியங்கி நிறுத்தகத்தில் கார்கள் லிஃப்டில் ஏறின. அதனால் தளங்கள் மட்டமானவை. பின்னர் கிடங்காகி, 1980களில் அது சொகுசுக் குடியிருப்பானது. கார்கள் சரிவான பாதையில் ஓடி ஏறும் சாய்தளக் கட்டடம் அவ்வளவு எளிதில் இணங்காது. சாய்தளத்தை இடித்து, அந்த இடத்தைத் திறந்த முற்றமாக்குங்கள். நடுப்பகுதிக்கு வெளிச்சம் கிடைக்கும்.

அடுத்து கான்கிரீட். பனி கொட்டும் ஊர்களில் சாலையில் தூவும் உப்பு, கார்ச் சக்கரங்களோடு உள்ளே வந்து பல ஆண்டுகள் ஊறி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரித்திருக்கும். ஒவ்வொரு தளத்திலும் துளையிட்டு மாதிரி எடுத்து, உப்பிலிருந்து ஊறிய குளோரைடின் அளவைச் சோதியுங்கள். இதில் பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது. மேலே பளிங்கு பதித்த பிறகு தெரியும் துரு, குடியிருப்பவர் தலையில்தான் விழும்.

தரைக்கடியில் பழைய பெட்ரோல் தொட்டி இருக்கிறதா என்றும் தேடுங்கள்; மண்ணிலிருந்து எழும் ஆவி படுக்கையறை வரை வரும்.

முகப்பில் புதிய ஜன்னல் வரைவதற்கு முன்பே பாரம்பரியச் சின்ன ஆணையத்திடம் பேசிவிடுங்கள். குளியலறை, அலமாரி அறைகளை உட்புறம் தள்ளி, ஜன்னலோரத்தைக் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் விடுங்கள். கூரை தாழ்வாக இருந்தால் குழாய்களை நடைவழியின் மேல் மட்டும் கொண்டுசெல்லுங்கள்.