பாதிப் பேர் அரங்கில், பாதிப் பேர் ஆன்லைனில்: கருத்துக்கணிப்புக் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இப்போது எந்தச் சங்கக் கூட்டம் போட்டாலும் ஒரு கேமராவும் ஒரு ஜூம் லிங்க்கும் கூடவே வந்துவிடுகின்றன. ஊரில் இருப்பவர்கள் நேரில் வருகிறார்கள். கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் செல்போனில் பார்க்கிறார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து, "இதுக்கு யார் யார் சம்மதம், கையைத் தூக்குங்க" என்பார். அரங்கில் கை தூக்கியவர்களை எண்ணிவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுவார்கள். ஆன்லைனில் கை தூக்கியவரை யாரும் பார்ப்பதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் வீடியோவை அணைத்துவிடுவார்.

இரண்டு பக்கத்து ஓட்டும் ஒரே பெட்டியில் விழுந்தால்தான் அது ஹைபிரிட் கூட்டம். இல்லாவிட்டால் ஒரு கூட்டமும் அதை வேடிக்கை பார்க்கும் சிலரும், அவ்வளவுதான். அந்த ஒரே பெட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று முதல்முறையாகச் செய்பவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம்: கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் கூட்டம். அரங்கில் 60 பேர், ஆன்லைனில் 40 பேர்.

படி 1: கேள்வியை முதலில் எழுதுங்கள்

பெரும்பாலானவர்கள் முதலில் ஆப்பைத் தேடுகிறார்கள். அப்புறம் அந்த ஆப்பில் என்ன வசதி இருக்கிறதோ அதற்குத் தகுந்த கேள்வியை யோசிக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு தாளில் நான்கைந்து கேள்விகளை எழுதுங்கள்.

"பசுந்தேயிலையை எங்கே கொடுக்கிறீர்கள்?" என்பது ஒரு கேள்வி. கூட்டுறவுத் தொழிற்சாலை, தனியார் தொழிற்சாலை, ஏஜென்ட், ஒன்றுக்கு மேற்பட்ட இடம் என நான்கு விடைகள். இது ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் கேள்வி. எந்தக் கருவியிலும் ஓடும். "அடுத்த கூட்டத்தில் எதைப் பற்றிப் பேச வேண்டும்?" என்பது எழுதிப் பதில் சொல்லும் கேள்வி. "பேச்சாளரிடம் என்ன கேட்க வேண்டும்?" என்பது கேள்வி நேரம். அதற்கு மற்றவர் கேட்டதை லைக் போட்டு மேலே ஏற்றும் வசதி இருந்தால் நல்லது. கவாத்து வெட்டுவது பற்றிப் பயிற்சி கொடுத்துவிட்டு, புரிந்ததா என்று சோதிப்பது வினாடி வினா. இந்த நான்கு வகையில் உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்தாலே பாதிக் கருவிகள் பட்டியலிலிருந்து கழன்றுவிடும்.

படி 2: பலவீனமான செல்போனை வைத்து முடிவெடுங்கள்

குன்னூர் தேயிலை ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறிப் பல வருடங்கள் ஆகின்றன. அதனால் நம் ஆட்களுக்குத் திரையெல்லாம் புதிதில்லை என்று நினைக்கலாம். ஆனால் ஏலத்தில் உட்காருகிறவர் வேறு, காலையில் கொழுந்து எடுத்துவிட்டுக் கூட்டத்துக்கு வருகிறவர் வேறு. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்? கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே போனா? போன் இருந்தும் டேட்டா தீர்ந்தவர்கள்? அழைப்பு அனுப்பும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

ஒரு விதி எப்போதும் உதவும்: ஆப் இறக்கச் சொல்லும் கருவியும், கணக்கு தொடங்கி உள்ளே வரச் சொல்லும் கருவியும் வேண்டாம். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் நேராகக் கேள்வி தெரிய வேண்டும். ஓடிபி வரும் என்று காத்திருக்கும் இரண்டு நிமிடத்தில் அரங்கு கைநழுவிப் போய்விடும்.

மொழியையும் பாருங்கள். கேள்வியையும் விடைகளையும் நாம் தமிழிலேயே தட்டிக்கொள்ளலாம். ஆனால் பொத்தான்கள் ஆங்கிலத்தில் வரலாம். அப்படி வந்தால் "கீழே இருக்கிற கலர் பட்டனை அமுக்குங்க" என்று மேடையிலிருந்து சொல்ல ஒருவர் வேண்டும்.

படி 3: அரங்கில் நின்று டவரைப் பாருங்கள்

மலையில் இது இல்லாமல் எதுவும் நடக்காது. ஒரு கம்பெனி டவர் நான்கு கோடு காட்டும் அரங்கில் இன்னொரு கம்பெனி ஒரு கோடுகூடக் காட்டாது. மண்டபம் சரிவுக்குப் பின்னால் இருந்தால் வாசலில் கிடைப்பது உள்ளே கிடைக்காது. கூட்டத்துக்கு முன்பே, வெவ்வேறு கம்பெனி சிம் உள்ள இரண்டு மூன்று போன்களோடு போய், கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சோதனைக் கேள்விக்குப் பதில் தட்டிப் பாருங்கள். மேடைக்குப் பக்கத்தில் பார்த்தால் போதாது.

"மண்டபத்தில் வைஃபை இருக்கு சார்" என்று சொன்னால் உடனே நம்ப வேண்டாம். வீட்டுக்கு வாங்கும் சாதாரண ரவுட்டரில் 60 போன்கள் ஒரே நேரத்தில் ஏறினால் அது திணறும். அதே வைஃபையில்தான் நேரலையும் ஓடுகிறது என்றால் ஆன்லைனில் இருப்பவர்களுக்கு முகம் உறைந்து நிற்கும். நேரலைக்கு ஒரு இணைப்பு, ஓட்டுப் போடுகிறவர்களுக்கு வேறு இணைப்பு என்று பிரித்துவிடுங்கள். ஓட்டுப் பக்கம் பெரிதாக டேட்டா தின்னாது, வீடியோதான் தின்னும். மழைக்காலமாக இருந்தால் கரண்டையும் கணக்கில் எடுங்கள். கூடலூர், தேவாலாப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர். ரவுட்டருக்கு யுபிஎஸ் இல்லையென்றால் செல்போன் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வையுங்கள்.

படி 4: இப்போது கருவிகளைப் பாருங்கள்

ஜூமிலேயே போல் (poll, அதாவது கருத்துக்கணிப்பு) வசதி இருக்கிறது, எதற்கு வேறு கருவி என்று கேட்பார்கள். எல்லோரும் ஆன்லைனில் இருந்தால் சரி. ஹைபிரிட் கூட்டத்தில் அரங்கில் இருப்பவர்கள் ஜூமில் இல்லை. அவர்களும் ஓட்டுப் போட வேண்டுமானால் போனில் ஜூமைத் திறக்க வேண்டும். அறுபது பேரில் நாலு பேர் ஸ்பீக்கரை அணைக்க மறந்தால் போதும், மைக் கூவத் தொடங்கிவிடும். அதனால் இரண்டு பக்கமும் பொதுவாக, ஜூமுக்கு வெளியே இருக்கும் ஒரு இணையப் பக்கம்தான் நமக்குத் தேவை.

ஸ்லைடோ: ஸ்லோவாக்கியாவில் தொடங்கியது, 2021 முதல் சிஸ்கோ நிறுவனத்திடம் இருக்கிறது. கேள்வி நேரத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை என்பது என் கருத்து. நூறு பேர் கேள்வி அனுப்பினாலும் அதிக லைக் வாங்கியது தானாக மேலே வரும். இலவசக் கணக்கில் ஒரு நிகழ்வுக்கு 100 பேர், மூன்று கருத்துக்கணிப்புகள் என்பது வரம்பு. நம் உதாரணக் கூட்டமும் 60 கூட்டல் 40, சரியாக 100 பேர். சரியாக இருப்பதுதான் சிக்கல். நீங்கள் சோதித்துப் பார்க்கும் போனும் ஒரு ஆள், கடைசி நேரத்தில் அழைப்பில்லாமல் வரும் சித்தப்பாவும் ஒரு ஆள்.

மென்டிமீட்டர்: ஸ்வீடன் நாட்டுக் கருவி. எழுதிய சொற்களைச் சிறிதும் பெரிதுமாகத் திரையில் அடுக்கும் சொல்மேகம் இதில் அழகாக வரும். இலவசக் கணக்கில் மாதத்துக்கு 50 பேர். நிகழ்வுக்கு 50 இல்லை, மாதத்துக்கு. முந்தின நாள் நண்பர்களை வைத்து ஒத்திகை பார்த்தால் அந்த ஆட்களும் கணக்கில் சேருவார்கள். சொல்மேகத்தில் தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஒருவர் "விலை" என்று தமிழில் தட்டுவார், இன்னொருவர் அதையே ஆங்கில எழுத்தில் தட்டுவார், மூன்றாமவர் "இலை விலை" என்பார். மூன்றும் தனித்தனிச் சொல்லாக நிற்கும். எல்லோரும் சொன்னது ஒரே விஷயம்தான், ஆனால் திரையில் அது சின்னதாகத் தெரியும். நம் கூட்டங்களுக்குச் சொல்மேகத்தைவிடத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே மேல்.

கஹூட்: நார்வேக்காரர்களின் வினாடி வினா. பள்ளிப் பிள்ளைகளுக்கு அமர்க்களம். வேகமாக அமுக்கியவருக்கு மதிப்பெண் அதிகம் என்பதால், தாமதமாக வீடியோ வரும் ஆன்லைன் ஆட்களுக்கு அநியாயம். ஹைபிரிட் கூட்டத்தில் நான் இதைத் தொட மாட்டேன்.

வாட்ஸ்அப் போல்: 2022 நவம்பரில் வந்தது, 12 விடைகள் வரை வைக்கலாம், கற்றுக்கொடுக்கவே வேண்டாம். எல்லோரும் ஒரே குழுவில் இருக்க வேண்டும். யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். மதியச் சாப்பாடு கேட்க இது போதும். மற்றதை அடுத்த படியில் சொல்கிறேன்.

கூகுள் ஃபார்ம்ஸ்: பகட்டு இல்லை, ஆள் எண்ணிக்கைக்கு மேலே சொன்ன மாதிரி வரம்பும் இல்லை. பதில்கள் வர வர வட்ட வரைபடம் தானாக மாறும், அந்தப் பக்கத்தைப் புரொஜெக்டரில் போட்டுவிடலாம். இதில் ஒரு நுணுக்கம். "ஒருவருக்கு ஒரு பதில் மட்டும்" என்ற அமைப்பை இயக்கினால் கூகுள் கணக்கில் உள்ளே நுழையச் சொல்லும். அதை அணைத்தே வையுங்கள். அப்போதுதான் ஒரு தன்னார்வலர் ஒரே போனை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய், போன் இல்லாத பெரியவர்களின் விடையை ஒவ்வொன்றாகப் பதிய முடியும். நம் கோத்தகிரிக் கூட்டத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பிளிக்கர்ஸ்: டவரே இல்லாத ஊருக்கு இது வரம். ஆளுக்கு ஒரு அச்சடித்த அட்டை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு கறுப்புக் கட்ட வடிவம். நான்கு ஓரங்களிலும் ஏ, பி, சி, டி என்று சிறியதாக எழுதியிருக்கும். உங்கள் விடை எதுவோ அந்த ஓரம் மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால், நடத்துகிறவர் தன் போன் கேமராவை அரங்கின் மேல் மெதுவாக ஓட்டுவார். எல்லா விடையும் பதிவாகிவிடும். எழுத்து சின்னது என்பதால் பக்கத்து நாற்காலிக்காரருக்கு உங்கள் விடை எளிதில் தெரியாது. இணையம் வேண்டியது நடத்துகிறவருக்கு மட்டும். அட்டைத் தொகுப்புகள் 40 ஆகவும் 63 ஆகவும் கிடைக்கின்றன. பளபளப்பான லேமினேஷன் போடாதீர்கள், ட்யூப்லைட் வெளிச்சம் பட்டுக் கேமராவுக்குத் தெரியாது. ஆன்லைன் ஆட்களுக்கு அட்டை கிடையாதே! அவர்களுக்கு அதே கேள்வியை ஜூம் போலிலோ ஃபார்ம்ஸிலோ போட்டு, இரண்டையும் கூட்டிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் கைவேலைதான்.

படி 5: பெயர் தெரியலாமா, கூடாதா?

பசுந்தேயிலையை எங்கே கொடுக்கிறீர்கள் என்ற கேள்விக்குத் திரும்புவோம். அதே அரங்கில் கூட்டுறவுத் தொழிற்சாலை ஆட்களும் இருப்பார்கள், ஏஜென்டும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் முன்பணம் வாங்கியவர் உண்மையைக் கை தூக்கிச் சொல்வாரா? வாட்ஸ்அப் போலிலும் சொல்ல மாட்டார். இப்படிப்பட்ட கேள்விக்குப் பெயர் கேட்காத கருவிதான். ஃபார்ம்ஸில் மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயர், போன் நம்பர் கட்டங்களை "இருக்கட்டுமே" என்று சேர்க்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, தேவையில்லாத விவரத்தை வாங்கி வைப்பது நமக்கே சுமை.

இன்னொன்று. பெயர் கேட்காத கருவியில் ஒரே ஆள் இரண்டு போனில் இரண்டு ஓட்டுப் போடலாம். கருத்து அறிய இது பரவாயில்லை. நிர்வாகிகள் தேர்தலை இதில் நடத்தாதீர்கள். கூட்டுறவுச் சங்கத் தேர்தலுக்கென்று தமிழ்நாட்டில் தனித் தேர்தல் ஆணையமே இருக்கிறது.

படி 6: தாமதத்துக்கு இடம் விட்டு ஒத்திகை பாருங்கள்

ஜூமில் ஓரிரு வினாடி தாமதம் என்றால் யூடியூப் நேரலையில் அதைவிடக் கூடுதல். மேடையில் கேள்வி கேட்டு, அரங்கு பதில் சொல்லி, தொகுப்பாளர் "சரி, முடிச்சுக்கலாமா" என்று சொல்லும் நேரத்தில்தான் பெங்களூரில் இருப்பவர் காதில் கேள்வியே விழும். ஒவ்வொரு கேள்வியையும் குறைந்தது ஒன்றரை நிமிடம் திறந்து வையுங்கள். அந்த நேரத்தில் தொகுப்பாளர் கேள்வியை இரண்டு முறை வாசிக்கட்டும், விடைகளை விளக்கட்டும். எல்லோரும் போட்டு முடிக்கும்வரை முடிவைத் திரையில் காட்டாதீர்கள். முன்னால் ஓடும் விடைக்குப் பின்னால் கூட்டம் ஓடும். ஸ்லைடோவிலும் மென்டிமீட்டரிலும் முடிவை மறைக்கும் வசதி இருக்கிறது. ஃபார்ம்ஸ் என்றால் அந்தப் பக்கத்தைத் திரையில் போடாமல் இருந்தாலே போதும்.

க்யூஆர் கோடைத் திரையில் மட்டும் காட்டினால் பின்வரிசைக்கு எட்டாது. பத்து மீட்டர் தூரத்திலிருந்து ஸ்கேன் செய்ய, க்யூஆர் கோடு ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தாளில் அச்சடித்து நாற்காலி முதுகிலும் டீ மேசையிலும் ஒட்டிவிடுங்கள். டீக்கு வரிசையில் நிற்கும்போதே எல்லோரும் ஸ்கேன் செய்துவிடுவார்கள். ஆன்லைன் ஆட்களுக்கு லிங்க்கை ஜூம் சாட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் மறுபடி போடுங்கள். தாமதமாக உள்ளே வருபவருக்குப் பழைய சாட் தெரியாது. இதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். மேடைத் தொகுப்பாளர் தலையில் இதையும் கட்டாதீர்கள்.

முதல் கேள்வி சோதனைக் கேள்வியாக இருக்கட்டும். "இன்று எந்த ஊரிலிருந்து கலந்துகொள்கிறீர்கள்?" என்று கேட்டு, கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர், மலைக்குக் கீழே என ஐந்து விடை கொடுங்கள். யாருக்கு வேலை செய்யவில்லை என்பது இங்கேயே தெரிந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. மொத்தம் எத்தனை பதில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விகளில் அந்த எண் பாதியாக இறங்கினால் நிறுத்திவிட்டு டவரைப் பாருங்கள்.

கூட்டம் முடிந்ததும் முடிவுகளைத் தரவிறக்கி, கேள்வி வாரியாக எண்ணிக்கையோடு அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். 100 பேர் வந்த கூட்டத்தில் 38 பேர் சொன்ன விடையைச் "சங்கத்தின் கருத்து" என்று மனுவில் எழுதிவிட்டால் அடுத்த கூட்டத்தில் கேள்வி கேட்பார்கள்.